இரண்டாவது சீட்டு

எங்கள் சபையில் புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்தச் சீட்டு எடுப்போம். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வசனத்தைக் கையால் எழுதி, சுருட்டி, நூல் சுற்றி, எவர்சில்வர் தட்டில் குவித்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷம் ஆண்டவர் நமக்கென்று பேசுகிற வார்த்தை அதுதான். பெண்ணுக்கு வரன் பார்ப்பதா, இருக்கிற வீட்டை விற்பதா என்று குழம்பி நிற்கிற குடும்பங்கள் அந்தச் சீட்டை நம்பித்தான் முடிவெடுக்கும். நான் அந்தத் தட்டிலிருந்து ஒரே காலையில் இரண்டு முறை எடுத்தவன். இதை எழுதும்போதே காது சுடுகிறது.

எழுபதுகளின் கடைசி அது. வாணியம்பாடியில் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தேன். அங்கே தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். அதை வாங்கி வர மாதத்துக்கு இரண்டு தடவை ஜவ்வாது மலைக்கு ஏறுவேன். முதலாளி பாய் தங்கமான மனுஷன், அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனாலும் எனக்குச் சொந்தத் தொழில் என்கிற கிறுக்குப் பிடித்திருந்தது. நான் போகிற மலை ஊர்களில் பெண்கள் கல் எந்திரத்தைக் கையால் சுற்றிச் சுற்றியே கேழ்வரகு அரைத்தார்கள். மாவு மில் என்றால் கீழே இறங்கி வர வேண்டும். அங்கேயே ஒரு டீசல் என்ஜினை வைத்து மில் போட்டால் என்ன என்று தோன்றியது. தோன்றியதோடு நிற்கவில்லை, சோற்றில் கைவைத்தால்கூட அதே நினைப்பு.

என் மனைவி மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நிரந்தர வேலை. பிள்ளைகள் என்றால் அவளுக்கு உயிர். எங்களுக்குப் பிள்ளையில்லை என்பதால் வகுப்பிலிருந்த அத்தனையும் அவளுடையது. மில்லுக்கோ இரண்டு பேர் வேண்டும். ஆள் வைக்க வழியில்லை. அவள் வேலையை விட்டால்தான் நடக்கும். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"ஆண்டவர் போன்னு சொன்னா நாளைக்கே வேலைய எழுதிக் குடுத்துட்டு வர்றேங்க. நீங்க சொன்னீங்கன்னு வர மாட்டேன்."

புத்தாண்டுச் சீட்டைப் பார்த்து முடிவு செய்வோம் என்று அவளே யோசனையும் சொன்னாள். குடும்பத்துக்காக நான் எடுப்பது, எது வந்தாலும் இரண்டு பேரும் கட்டுப்படுவது. நானும் பெரிய பக்தனாட்டம் தலையை ஆட்டினேன்.

கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தட்டை ஏந்தி நின்றவர் எங்கள் சபை மூப்பர், தாத்தா வயசு. கண்ணை மூடி எடுத்தேன். நூலைப் பிரித்துப் பாதி விரித்தேன். கர்த்தருக்குக் காத்திரு என்கிற மாதிரி ஆரம்பம். அவ்வளவுதான், மீதியைப் படிக்கவில்லை. உள்ளே சுரீரென்று ஒரு கோபம். இத்தனை வருஷம் காத்திருந்தது போதாதா என்று ஆண்டவரோடேயே சண்டை. சட்டென்று அதைச் சுருட்டித் தட்டிலேயே போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன். அதில் மலை என்கிற வார்த்தை இருந்தது. மூப்பர் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தட்டை எனக்கு அடுத்தவனிடம் நகர்த்திவிட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் அவள் காத்திருந்தாள். சீட்டை வாங்கிப் படித்தாள். மலை என்ற இடத்தில் விரலை வைத்தாள், அழுதுவிட்டாள். அடுத்த வாரமே ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். கடைசி நாளன்று வகுப்புப் பிள்ளைகள் ரிக்‌ஷாவைச் சுற்றி நின்றுகொண்டு அவளை விடமாட்டோம் என்றன.

நானும் ஷாப் வேலையை விட்டேன், மலையில் குடியேறி மில் போட்டோம். மில் ஓடியது. அதைச் சொல்லாமல் விட்டால் அதுவும் பொய்யாகிவிடும். நன்றாகவே ஓடியது. மலைக்காரர்கள் முதலில் மிஷின் மாவு சூடாக இருக்கிறது, களி ருசிக்காது என்றார்கள். பிறகு மூட்டை மூட்டையாகக் கொண்டு வந்தார்கள். வெளியே பலகை எழுதி மாட்டினேன், அதில் அந்த மலை வசனம். கீழே சபைக்குப் போகும்போதெல்லாம் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். சீட்டு எடுத்த கதையை நானும் கூச்சமில்லாமல் சொன்னேன். விசுவாசத்தோடு தொழில் தொடங்குங்கள், ஆண்டவர் கதவைத் திறப்பார் என்று வாலிபர்களுக்குப் புத்தி வேறு. மூப்பர் முன்வரிசையில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாளும் அவர் வாய் திறக்கவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பாடுபட்டதெல்லாம் அவள்தான். மழைக்காலத்தில் பஸ் நின்றுவிட்டால் டீசல் டின்னை இரண்டு பேருமாகத் தூக்கி வருவோம். மாவுத் தூசியில் அவளுக்கு இருமல் பிடித்தது. ஒரு வார்த்தை முனகவில்லை. அவர் கூப்பிட்ட இடம், அவர் பார்த்துக்கொள்வார் என்பாள். அதைக் கேட்கும்போது எனக்கு எங்கேயாவது எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கும். டீச்சராக இருந்தவள் என்று நான்தான் ஊரில் பெருமையடித்திருந்தேன். அதனால் எல்லாரும் அவளை டீச்சரம்மா என்றே கூப்பிட்டார்கள். தாய்மாரோடு வந்து நிற்கிற பிள்ளைகளுக்கு அவள் மாவில் விரலால் அ, ஆ எழுதிக் காட்டுவாள்.

இரண்டாவது வருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. அவளுடைய இடத்துக்கு வந்தவர் போய்விட்டாராம், விருப்பமிருந்தால் பழைய வேலையையே தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அவள் அதை மடித்து மடித்துப் பிரித்தாள். சாப்பிடும்போது என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நம்மள இங்க வரச் சொன்னது ஆண்டவர்தானேங்க? அப்ப திரும்பிப் போறது தப்புதானே?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் அவள் போய்விட்டால் மில்லை யார் பார்ப்பது? "ஆமா, தப்புதான்" என்றேன். அதோடு நிறுத்தாமல் ஜெபமும் செய்தேன், சத்தமாக. அவள் அன்றைக்கே மறுத்து எழுதினாள். கடிதத்தைத் தபாலில் போட்டவன் நான்.

அந்த அறுவடை முடிந்த சமயம் பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் வந்தார். எங்கள் மில்லில் அரைக்கிறவர், வாய் அதிகம் பேசாதவர். உழவு மாட்டை விற்றுவிட்டு, பஸ் வந்து நிற்கிற இடத்தில் கடை வைக்கலாமா என்று அவருக்கு யோசனை. என் மனைவி எங்கள் சீட்டுக் கதையை ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அதைக் கேட்டுத்தான் வந்திருந்தார். "உங்க சாமி சீட்டு குடுக்குமாமே டீச்சரம்மா. எனக்கும் ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்றார்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நோட்டுக் காகிதத்தைக் கிழித்து, தெரிந்த வசனங்களை எழுதி, சுருட்டி முறத்தில் போட்டாள். நான் என்ஜினுக்குப் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த மனுஷனுக்கு இருந்தது அந்த ஒரு ஜோடி மாடுதான்.

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் எடுப்பதுதான் கணக்கா என்று கேட்டார். ஆமாம் என்றாள் அவள். அவர் இயல்பாகச் சொன்னார்.

"எங்க கோயில்ல வெள்ளப் பூ, செவப்புப் பூ பொட்டலமா கட்டிப் போட்டு எடுப்போம்மா. எது வந்துச்சோ அதான். புடிக்கலேன்னு இன்னொருக்கா யாரும் கைய வெக்க மாட்டாங்க. சாமியாண்ட போய் அப்படிப் பண்ணுவாங்களா?"

இந்த ஜனங்களை இருட்டில் கிடக்கிறவர்கள் என்று நான் எத்தனை ஜெபத்தில் சொல்லியிருப்பேன். பெல்ட்டைக் கீழே போட்டேன். அவர் கை முறத்துக்குப் போகுமுன் போய் முறத்தை இழுத்துக்கொண்டேன். எடுக்காதீங்க, நான் ரெண்டு தடவை எடுத்தவன் என்றேன். முதல் சீட்டு பிடிக்காமல் திருப்பிப் போட்டதை, மூப்பர் பார்த்ததை, எல்லாவற்றையும் கொட்டினேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி சொல்ல வராது என்று பயந்து வேகமாகச் சொன்னேன்.

விவசாயி எழுந்துகொண்டார். என்னை ஒரு தரம் பார்த்தார். அதில் இளக்காரம் இல்லை, பாவம் பார்க்கிற பார்வை. "நான் அப்புறமா வர்றேன் டீச்சரம்மா" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவள் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மொதச் சீட்டுல இன்னா எழுதியிருந்துச்சு?" என்றாள்.

பாதிதான் படித்தேன் என்றேன். காத்திரு என்று இருந்தது, எதற்கு, எதுவரைக்கும் என்று தெரியாது என்றேன்.

"அப்ப அவரு நமக்கு இன்னா சொன்னாருன்னு தெரியவே தெரியாது."

தெரியாது என்றேன். மன்னித்துவிடு என்று ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சீட்ட மாத்துனீங்க. ஆசை, பண்ணிட்டீங்க. அத அவரு மன்னிப்பாரு, நானும் மன்னிச்சிடுவேன். ஸ்கூல்லேர்ந்து லெட்டர் வந்த அன்னிக்கு நான் உங்களக் கேக்கலே. உங்க வழியா அவரத்தான் கேட்டேன். அன்னிக்கு அவரு எடத்துல நின்னு பதில் சொன்னது நீங்க."

வெளியே இரண்டு பெண்கள் கேழ்வரகு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, மில் ஓடுமா என்று குரல் கொடுத்தார்கள். ஓடும் என்று அவள்தான் பதில் சொன்னாள். எழுந்து, முந்தானையை மூக்கோடு கட்டிக்கொண்டு மிஷினுக்குப் போனாள். பெண்களோடு வந்த ஒரு சின்னப்பெண் மாவுத் தொட்டியருகில் போய், எழுதிக் காட்டச் சொல்லி அவள் புடவையைப் பிடித்து இழுத்தது. அவள் குனிந்து ஒரு எழுத்தை எழுதினாள். இருமல் வந்தது. நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல், என்ஜினைப் போடுங்க என்றாள். போட்டேன்.