மசுயே பேரில் ஒரு வீடு

அமெரிக்காவில், சாக்ரமெண்டோவில் எங்கள் பக்கத்து வீடு ஒரு கைக்குழந்தையின் பேரில் இருந்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஜப்பானில் பிறந்த எங்கள் பேரில் இடம் வாங்கச் சட்டம் விடாது, இங்கே பிறந்த பிள்ளை பேரில் வாங்கலாம். குனிகிச்சியும் அவன் மனைவி தோமேயும் தலைச்சன் மகள் மசுயே பேரில் பத்திரம் முடித்தார்கள்.

அந்தக் குழந்தை கக்குவான் இருமலில் போய்விட்டது. வெளியே தெரிந்தால் வீடு கையை விட்டுப் போய்விடும் என்று பயந்து, ஊரறியாமல் அடக்கம் செய்தார்கள். மறுவருடம் இன்னொரு பெண் பிறந்தாள். அவளுக்கும் மசுயே என்றே பேர். காகிதத்தில் பிறந்த நாள்கூட அக்காவுடையதுதான்.

தினமும் தோமே பூஜை அலமாரி முன் சோறு வைப்பாள். "மசுயே, சாப்பிட வாடா கண்ணு!" என்பாள். சின்னவள் ஓடி வருவாள்.

"உன்னை இல்லடி."

என் காதால் கேட்டேன். ஒருநாள் அந்தப் பெண் என் தோஃபு கடைக்கு வந்து, "எனக்குப் பசிக்கல அத்தை. அவ சாப்பிட்டா எனக்கு வயிறு நெறஞ்சிடுது" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய்த் தோமேயைப் பிடித்தேன்.

"பெத்தவளாடி நீ? உயிரோட இருக்கறவளுக்கு ஒரு பேர் வைக்க மாட்டியா?"

"வீடு நிக்கணுமே அக்கா."

பின்னால் ஒரு தம்பியும் பிறந்தான். குனிகிச்சி மகளைச் சமாதானப்படுத்துவான். "நீ மேஜர் ஆனதும் வீட்டைத் தம்பி பேருக்கு எழுதிக் குடுத்துடும்மா. அப்புறம் உன் பேரு உனக்கு." அதை நம்பித்தான் அவள் வளர்ந்தாள். கல்யாணம் நிச்சயமானபோதுகூட, புகுந்த வீட்டுக்குச் சொந்தப் பேரோடு போவேன் என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

வக்கீல் வீட்டுக்கு நானும் துணைக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் எழுத்துக்குப் பரிசு வாங்கினவள் அவள். பத்திரத்தில் விழுந்ததோ கோணல்மாணலான எழுத்து, கை பிடித்து எழுதப் பழகும் குழந்தையுடையது மாதிரி. வக்கீல் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு முத்திரை வைத்தார். வீடு தம்பிக்குப் போயிற்று. குனிகிச்சி வாய் கொள்ளாமல் சிரித்தான்.

வாசலுக்கு வந்ததும் அவள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"இப்ப சொல்லும்மா. எனக்குன்னு என்ன பேரு நெனச்சு வெச்சிருந்தே?"

தோமே புருஷனைப் பார்த்தாள். அவன் தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான். இத்தனை வருடத்தில் இரண்டு பேரும் அதை ஒருநாள்கூட யோசித்ததில்லை.

"சொல்லேன்டி பாவி, ஏதாவது சொல்லு!" என்று கத்தினேன்.

பெண் தாயின் கையை விட்டுவிட்டாள்.

"அப்ப செத்துப் போனது நான்தானாம்மா?"

அழுதுகொண்டு கேட்கவில்லை, வழி விசாரிப்பது போலக் கேட்டாள்.