ஒன்றாம் நம்பர் மூக்கு

கண்ணாடிக் கடைக்காரருக்கு, வருகிறவர் முகத்தில் மூக்கைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. உலகத்தில் எத்தனை கோடிப் பேர் இருந்தாலும் மூக்கு ஐந்தே ரகம் என்பது அவர் கட்சி. ஒன்று, நேராக இறங்கும் எடுப்பான மூக்கு. இரண்டு, நுனி வளைந்த கிளி மூக்கு. மூன்று, சப்பை. நான்கு, கோணல். ஐந்து, நடுவில் பள்ளம் விழுந்தது. கண்ணாடி நிற்கவே நிற்காத வில்லங்க மூக்கு. படித்தவர்கள் வேறு என்னென்னவோ பெயர் வைத்திருக்கிறார்களாம், அதெல்லாம் அவர் காதில் ஏறாது. இருபத்தேழு வருஷமாக, ஆள் வாசற்படி ஏறும்போதே நம்பர் சொல்லிவிடுவார். சொந்த மாமனாரையே 'ரெண்டு' என்றுதான் குறிப்பிடுவார். மனிதருக்கு அவ்வளவு கொழுப்பு.

அவர் மனைவி ஒன்றாம் நம்பர். கல்யாணமான புதிதில் அதைச் சொல்லிச் சொல்லியே அவளை வெட்கப்பட வைத்தவர்.

அவள் வீட்டிலேயே துணி தைப்பவள். கொஞ்ச நாளாக, தையல் மெஷினில் குனிந்தால் கண்ணாடி வழுக்கி ஊசிமேல் விழுந்தது. மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் கண்ணாடியைக் கையில் வாங்கி, கம்பியை முறுக்கி, செய்த கம்பெனியை வாய்க்கு வந்தபடி திட்டித் திருப்பிக் கொடுத்தார். அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாரா என்றால், இல்லை.

நாலாவது தடவை அவள் கடைக்கே வந்துவிட்டாள்.

"இன்னைக்கு சரி பண்ணாம நான் போகமாட்டேன், ஆமா."

சிரித்துக்கொண்டே விளக்கை அவள் முகத்துக்கு நேரே இழுத்தார். பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

"அஞ்சு."

சொன்னவருக்கே தூக்கிவாரிப் போட்டது. விளக்கைத் தள்ளிப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். கண்களுக்கு நடுவே சற்றுக் கீழே, விரல் வைத்தால் உட்காரும் பள்ளம். மூக்கு ரகம் மாறி அவர் பார்த்ததே இல்லை.

"எங்கயாவது விழுந்தியா?"

"இல்லையே."

"வேற எதாவது?"

"மூக்குல ரத்தம் வருதுன்னு ஆறு மாசம் முன்னாடியே சொன்னேனே. சூடுன்னு சொல்லிட்டீங்க."

சொல்லியிருந்தார். பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல்.

அப்போதே ஷட்டரை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஒரு வாரம் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று அலைந்த பிறகு டாக்டரம்மா உட்காரவைத்துச் சொன்னார். ரத்தக் குழாய்களைத் தாக்கும் நோயாம். மூக்குத் தண்டை உள்ளிருந்தே அரித்துவிட்டது. கட்டுப்படுத்த மருந்து இருக்கிறது, ஆனால் சிறுநீரகம் இரண்டும் பாதிக்குமேல் போய்விட்டன.

"மூக்கு இறங்க ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா கிட்னியைக் காப்பாத்தியிருக்கலாம். கூட இருக்கிறவங்க யாருமே கவனிக்கலையா?"

டாக்டரம்மா படிவத்தை இழுத்துவைத்துக்கொண்டு, எழுதியபடியே கேட்டார்.

"சார் என்ன வேலை பாக்குறீங்க?"



"கடை வச்சிருக்கார்" என்றாள் மனைவி அவசரமாக.

என்ன கடை என்று அவள் சொல்லவில்லை.