பதினோராம் விதியும் ஒரு வடையும்

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் கேட்காமலே சட்டதிட்டம் எழுதிக் கொடுக்கும் வியாதி எனக்கு உண்டு. போன வாரம் எங்கள் தெரு வாட்ஸப் குழுவுக்கு ஒன்பது விதிகள் எழுதிப் போட்டேன். பத்து நிமிடத்தில் நாலு பேர் குழுவை விட்டுப் போய்விட்டார்கள். மனசு கேட்காமல் சாரலில் நடக்கக் கிளம்பி, தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் உறை விற்கிற கடையில் ஒதுங்கினேன். ஈரக் குடை வாசனை.

அந்தக் கடைதான் ஒரு காலத்தில் எங்கள் பிரவுசிங் சென்டர். ஈரக் குடையும் சூடேறிய கம்ப்யூட்டரும் சேர்ந்து அடிக்கும் அந்த வாடையில் உட்கார்ந்துதான் என் வாழ்நாளின் மிகக் கொடிய விதிகளைத் தட்டினேன்.

வலைப்பூ என்று ஒன்று இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஐந்து பேர் சேர்ந்து ஒன்று தொடங்கினோம். பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கடை வைத்திருந்த செல்வம், கடையநல்லூரிலிருந்து துபாய் போயிருந்த காதர், வாசுதேவநல்லூர் வாத்தியார்கள் இரண்டு பேர், அப்புறம் நான். விதி எழுதும் பொறுப்பை நானே பிடுங்கிக்கொண்டேன். முதல் விதி: உறுப்பினர் சொந்தப் பெயர், ஊர், வேலை மூன்றும் போட்டே எழுத வேண்டும். பதினோராம் விதி: வெளியான பதிவை ஐந்து பேரும் மின்னஞ்சலில் சம்மதிக்காமல் நீக்கக் கூடாது. வாத்தியார்களில் ஒருவர், யாரும் பாராட்டாத கவிதையை மறுநாளே அழித்துவிடுவார். அவரைக் கட்டிப்போடத்தான் அது.

சேரக் கேட்டு வந்த முதல் விண்ணப்பம் 'ஐந்தருவி' என்பவருடையது. பெயர் சொல்ல முடியாத நிலைமை, எழுத ஆசை என்றிருந்தார். அருவிகளைச் சேர்ப்பதில்லை என்று பதில் போட்டேன். அப்போது அதை நகைச்சுவை என்று நினைத்தேன்.

மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. வாசகராக ஒட்டிக்கொண்டார். பதிவு வந்ததும் முதலில் பின்னூட்டம் போடுகிறவர் 'வடை எனக்கே' என்று எழுதுவது அன்றைய வழக்கம். ஓட்டப்பந்தயம்தான், பரிசு கண்ணில் காணாத வடை. எங்கள் வடையெல்லாம் ஐந்தருவிக்கே போனது.

அந்த உற்சாகத்தில் எங்கள் அலுவலக மேலாளரைப் பற்றி ஒன்று எழுதினேன். கையெழுத்துப் போடுமுன் பேனாவை மூன்று தரம் உதறுவார். மை என் சட்டையில் விழும். 'குற்றாலத்தில் சாரல் இல்லாத நாளிலும் எங்கள் அலுவலகத்தில் உண்டு' என்று முடித்திருந்தேன். கீழே, முதல் விதிப்படி, என் பெயர், ஊர், வேலை.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டார்.

"கம்ப்யூட்டர்ல என்னமோ எழுதுதீராமே."

மேசையிலிருந்து ஓரடி தள்ளி நின்றேன்.

"பேரு ஊரு எல்லாம் போட்டுல்லா எழுதுதீரு. தைரியந்தான்வே." பேனாவை எடுத்தார். மூன்று தரம் உதறினார்.

அரசு வேலையில் தண்ணியில்லாக் காடு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். மகள் அப்போதுதான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்திருந்தாள். மாற்றல் உத்தரவு வந்தால் ஆளுக்கொரு ஊராகக் கிடக்க வேண்டியதுதான். பதிவை உடனே நீக்க வேண்டும், வலைப்பூ பாஸ்வேர்டோ செல்வத்திடம் இருந்தது. அரைநாள் லீவு போட்டுப் பாவூர்சத்திரம் ஓடினேன்.

கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவே நின்றவன் நிதானமாகச் சொன்னான்: "பதினோராம் விதி யாரு எழுதுனது அண்ணாச்சி? நாலு பேரு சரின்னா ஆச்சா? காதரும் சொல்லணும்லா."

"வேலை போயிரும்லே."

"அப்பம் விதிய எழுதும்போதே யோசிச்சிருக்கணும்."

காதர் அறை மாறியிருந்தான். புது அறையில் நெட் இல்லை. மூன்று வாரம். தினமும் தபால் வந்ததும் மாற்றல் உத்தரவு வரும் பழுப்பு உறையாகத் தேடினேன். மேலாளர் மணி அடித்தால் கழிப்பறைப் பக்கம் நழுவினேன். மாற்றல் வந்தால் மகளுக்கு எப்படிச் சொல்வது என்று கண்ணாடி முன் பேசிப் பார்த்திருக்கிறேன். கடைசியில் காதரிடமிருந்து 'ஓகே' என்று ஒரே சொல் வந்தது. பதிவு போயிற்று. உத்தரவு வரவேயில்லை. வரவில்லை என்பதே ஒரு பயமாக, அவர் ஓய்வுபெறும்வரை கூடவே இருந்தது.

செல்போன் கடையில் மழை விட்டதும் பஸ் ஏறிக் குற்றாலத்து ஐந்தருவிக்குப் போனேன். ஈரத் துண்டோடு, தலை நடுங்க, எதிரே மேலாளர். கை தன்னால் சட்டையை மறைத்தது. இப்போது வலைப்பூ இல்லை, அந்த சென்டர் இல்லை, பின்னூட்டத்துக்கு ஓடிவருகிறவர்கள் யாரும் இல்லை என்று ஏதேதோ உளறினேன்.

"உறுப்பினரா சேக்க மாட்டேன்னுட்டீரு" என்றார். "அதான் வடையாவது கெடைக்கட்டும்னு ஓடியோடி வந்தேன்."

அந்த 'ஐந்தருவி' இவர்தான் என்று விளங்க, அருவிச் சத்தத்தில் எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

"ஸார், அப்போ அந்தப் பேனா பதிவு..."

"எந்தப் பேனா? வடைய வாங்கிட்டுப் பெறவு படிப்போம்னு வச்சிருப்பேன்." துண்டைப் பிழிந்து, மூன்று தரம் உதறினார். "உம்ம பதிவுல எதத்தாம்வே நான் படிச்சிருக்கேன்?"