பஜ்ஜிக் கணக்கு

அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் வீட்டில் மகிழ்ந்தவள் நான் ஒருத்திதான். எனக்கு எட்டு வயது; கல்யாணம் என்றால் பட்டுப்பாவாடை. பதினொன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிடுமே என்று அக்கா இரண்டு நாளாக அழுதாள். நான் பாவாடைக்கு நிறம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவை எதிர்த்துப் பேசி அம்மாவுக்குப் பழக்கமில்லை. பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் மாடியில் ஆறு பெண்கள் குடியிருந்தார்கள். ஊர் திருநெல்வேலிப் பக்கம்; வேலை இங்கே ஒரகடத்தில் ஒரு கம்பெனியில். முந்தின நாள் அம்மா என்னிடம், "மாடிப் பொண்ணுங்களுக்கு நாளைக்கு இன்னா ஷிப்ட்டுன்னு கேட்டுக்கினு வா" என்றாள். காலை ஷிப்ட், மூன்றரைக்கு பஸ் இறக்கிவிடும் என்றார்கள். தண்ணீர் மோட்டார் போடத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் வந்தார்கள். அக்கா காபித் தட்டோடு நின்ற நேரம், நீலச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஆறு பேரும் வரிசையாக உள்ளே வந்தார்கள். மூத்தவள் மாப்பிள்ளைக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். வேலைக்குச் சேரும்போது தன்னைக் கேட்டதையெல்லாம் அவரைக் கேட்டாள். என்ன படிப்பு, முந்தின வேலையை ஏன் விட்டீர்கள், கண்ணில் கோளாறு உண்டா. பாவம், அவரும் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னார். நடுவில் ஒருமுறை "எஸ் மேடம்" என்றுகூடச் சொல்லிவிட்டார். ஆதார் கேட்டாள், எடுத்துக் கொடுத்தார்.

"பாப்பா, ஒங்க அக்கா ஆதாரையும் எடுத்துட்டு வா."

அலமாரி எனக்குத் தெரியும் என்ற பெருமையில் ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

"பதினாறுதான் ஆவுது. பதினெட்டு ஆவலன்னா எங்க கம்பெனி கேட்டைத் தாண்ட விடமாட்டாவ. நீங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போவியளா? போலீசு வந்தா யாரு பதில் சொல்லுவா?"

"பதினெட்டு முடிஞ்சிச்சின்னு தானே சொன்னீங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். பஜ்ஜி வருவதற்குள் வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

அம்மா அந்த ஆறு பேரையும் தெருவுக்கே கேட்கும்படி திட்டினாள். "வூட்டு விசயத்துல ஒங்களுக்கு இன்னாடி வேல?" கடைசியில் அப்பாவே, "வுடு, சின்னப் பொண்ணுங்க" என்று சமாதானம் செய்யவேண்டியதாயிற்று.

என் பாவாடையைக் கெடுத்தவர்களை உட்காரவைத்து அம்மா சூடாக பஜ்ஜி போட்டது எனக்குத் தாங்கவில்லை. அழுதேன். அக்கா சிரித்துக்கொண்டே திங்கட்கிழமைக்கு யூனிபார்ம் தேய்த்தாள்.

விருந்தாளிகள் தின்னாத பஜ்ஜி வீணாகக் கூடாதே என்றுதான் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். வர இருந்தது நாலு பேர். அம்மா காலையிலேயே பத்துப் பேருக்கு வாழைக்காய் சீவி வைத்திருந்தாள். கணக்கில் எப்போதும் நூறு வாங்குகிற எனக்கு அது உறைக்கப் பல வருடம் ஆயிற்று.