சொடக்குப் போட்ட இடம்

அக்கா வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறார். அந்தக் கை இறங்கும்வரை யாரும் பேசக் கூடாது, தாள் புரட்டக் கூடாது, நாற்காலியில் நெளியக் கூடாது. "மூச்சு விட்டுக்கலாம் சார், பெருமூச்சு மட்டும் வேணாம்" என்று முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். ஒருவரும் பேசாத அறையின் சத்தத்தைத்தான் அவர் பதிவு செய்துகொண்டிருக்கிறார். ஏசியின் முனகல், சுவருக்கு அப்பால் தண்ணீர்க் குழாய், தூரத்தில் ஏதோ வண்டி. கை இறங்கிய பிறகுதான் நான் புத்தகத்தைத் திறக்கலாம்.

கண் தெரியாதவர்களுக்காகவும், கண் தெரிந்தும் படிக்கச் சோம்பல்படுபவர்களுக்காகவும் புத்தகங்களை வாய்விட்டு வாசிப்பது என் தொழில். நான் வாசித்ததை வெட்டி ஒட்டிச் சீர்செய்வது அவர் தொழில். ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட மூத்தவரான முதலாளிக்கும் அக்காதான். என் நாக்கு எந்த எழுத்தில் புரளும், என் வயிறு எத்தனை விதமாகக் கத்தும் என்பதெல்லாம் என் மனைவியைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் அவரிடம் எனக்கு மரியாதை உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு.

பழைய சாமான் அறையைத்தான் அவருக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஜன்னல் கிடையாது. கிறீச்சிடுகிறதென்று நாற்காலியின் சக்கரங்களைத் தானே கழற்றிப் போட்டுவிட்டார். ஹெட்போனின் பஞ்சு கிழிந்த இடத்தில் பழைய துணியைச் சுற்றித் தைத்திருக்கிறார். செருப்பு வாசலோடு சரி. மொறுமொறுப்பான எந்தத் தின்பண்டமும் அந்த அறைக்குள் வர முடியாது. ஒருமுறை நான் வறுத்த கடலையோடு போய்விட்டு, திட்டு வாங்காமலே வெளியே வந்து தின்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையே போதுமானதாக இருந்தது.

திரையில் என் குரல் கம்பளிப்பூச்சி மாதிரி நீண்டு கிடக்கும். அதில் தப்பான துண்டை வெட்டி எடுப்பதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். வெட்டிய இரண்டு முனைகளையும் சேர்ப்பதுதான் வேலை. அப்படியே சேர்த்தால் ஒட்டு இருக்கும் இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். "கேக்கறவங்களுக்கு அது என்னன்னு தெரியாது சார். சோத்துல கல்லு கடிபட்ட மாதிரி முகத்தைச் சுளிப்பாங்க, அவ்வளவுதான்." அதனால் ஒரு முனையை ஃபேட் செய்து மெல்ல இறக்கி, மறு முனையை அதன் மேலேயே மெல்ல ஏற்றுவார். அதற்குக் கிராஸ்ஃபேட் என்று பெயர். அவர் எனக்கு அதை விளக்கியது இப்படி: "ஒருத்தர் எந்திரிச்ச நாற்காலி சூடு ஆறறதுக்குள்ள இன்னொருத்தர் வந்து உக்காந்துடணும். ரெண்டு பேரும் மடியில மடியா உக்காந்துட்டாலும் கஷ்டம்."

இறங்கும் கோடும் ஏறும் கோடும் நேராக இருந்தால் நடுவில் சத்தம் தொய்ந்துவிடுமாம். இரண்டையும் சற்று மேல்நோக்கி வளைத்துவிட வேண்டும். மூச்சின் நடுவே வெட்டக் கூடாது. "பாதி மூச்சுல வெட்டினா கேக்கறவனுக்கு மூச்சு முட்டும்" என்பார். இதைச் சொல்லும்போது தாமே ஒரு முழு மூச்சை இழுத்து விடுவார், அது அவருக்கே தெரியாது.

தொழில் அவரை முழுதாகப் பிடித்துக்கொண்டுவிட்டது. கதவைச் சாத்தும்போது கைப்பிடியை இறக்கி, கதவை வைத்து, பிறகு விரல் விரலாகக் கைப்பிடியை விடுவார். வீட்டில் ரேடியோவைப் பட்டென்று அணைக்க மாட்டார், சத்தத்தைக் குறைத்துக் குறைத்துக் கொண்டுபோய்த்தான் நிறுத்துவார். தொலைபேசியில் அவர் விடைபெறும் அழகே தனி. "சரி சார்... சரி... ம்... ம்..." என்று தேய்ந்துகொண்டே போவார். எப்போது வைத்தார் என்று நமக்குத் தெரியாது. போன் அடங்கியது தெரியாமல் எத்தனையோ முறை நான் தனியாகப் பேசிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாசிக்கிறவர் தப்புச் செய்தால் நிறுத்திவிட்டு விரலால் சொடக்குப் போட வேண்டும். பிறகு ஒரு வாக்கியம் பின்னால் போய் அங்கிருந்து வாசிக்க வேண்டும். சொடக்கு திரையில் ஊசிபோல நிமிர்ந்து நிற்கும். அக்கா ஊசியைப் பார்த்துப் பார்த்து வெட்டிக்கொண்டே போவார். இதை ஏற்படுத்தியவர் அவருடைய கணவர். எனக்கு முன்பு அந்தக் கூடத்தின் பெரிய குரல் அவர்தான். நல்ல கனமான குரல், பொறாமைப்பட்டுப் பயனில்லை என்று நானே விட்டுவிட்ட குரல். "வீட்ல என்னைக்குமே தப்பை ஒத்துக்க மாட்டாரு சார். மைக் முன்னாடி மட்டும் உடனே சொடக்கு" என்று அக்கா அவரை வைத்துக்கொண்டே சொல்வார். அவரும் தலையை ஆட்டிச் சிரிப்பார்.

ஒரு பெரிய நாவலைப் பாதிக்கு மேல் வாசித்திருந்த சமயத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

மருத்துவமனையில் டாக்டர் அக்காவிடம் கேட்டிருக்கிறார், அதற்கு முந்தைய நாட்களில் பேச்சில் குழறல் ஏதாவது இருந்ததா என்று. அக்கா இல்லை என்று சொல்லியிருக்கிறார். பொய் சொல்லவில்லை, அவர் நினைவில் இருந்தது சீர்செய்து முடித்த பதிவு. வீட்டுக்கு வந்து மாற்றுத் துணி எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்திருக்கிறது. கணவர் கடைசியாக வாசித்திருந்த அத்தியாயத்தில் அவர் நாக்கு பல இடங்களில் வழுக்கியிருந்தது. களைப்பு என்று நினைத்து, பழைய அத்தியாயங்களிலிருந்து நல்ல சொற்களாகப் பொறுக்கி எடுத்து வந்து, தெரியாதபடி ஒட்டி முடித்திருந்தார் அக்கா.

"ஒட்டினதுகூடப் பரவாயில்ல சார். அந்த அத்தியாயம் பூராவும் ஒரு சொடக்கு இல்ல. தப்பு பண்ணிட்டு சொடக்குப் போடாமப் போற மனுஷனா அவரு? ஊசியே இல்லையே, இன்னைக்கு வேலை மிச்சம்னு சந்தோஷப்பட்டேன். எல்லாத்தையும் நானே மூடி மறைச்சுட்டேன்."

முன்பே தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. நான் இதை அக்காவிடம் பல தடவை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் "ஆமா சார்" என்பார். அது அவர் காதுக்குள் போனதாக எனக்குத் தோன்றவில்லை.

பாதியில் நின்ற நாவலை முழுக்க நானே முதலிலிருந்து வாசித்துவிடட்டும் என்றார் முதலாளி. ஒரு புத்தகம், ஒரு குரல். நியாயமான பேச்சுதான். அக்கா முதலாளியின் அறை வாசலில் போய் நின்றார். "அவரு வாசிச்சது அப்படியே இருக்கட்டும் சார். மீதியை இவரு வாசிக்கட்டும். நான் சேர்த்துக் குடுக்கறேன். இனிமே அவரு குரல்ல எதுவும் வரப்போறதில்ல" என்றார். முதலாளி சொன்னார்: "கேக்கறவங்களுக்கு நெருடக் கூடாதுக்கா. நெருடுச்சுன்னா மொத்தத்தையும் இவரே வாசிச்சுடட்டும்."

நான் மீதியை வாசித்தேன். எனக்கு அதில் உற்சாகம் இல்லை. இன்னொருவர் செருப்பில் காலை நுழைத்த மாதிரி இருந்தது. அக்கா ஒட்டத் தொடங்கினார். குரலின் மேல் குரலை ஏற்றினால் இரண்டு பேர் சேர்ந்து பேசுவதுபோல் ஆகிவிடும். அதனால் கணவர் வாசித்து நிறுத்திய இடத்து மௌனத்தையும் நான் தொடங்கும் இடத்து மௌனத்தையும்தான் ஒன்றின் மேல் ஒன்று போட வேண்டும். ஆனால் இடையில் கூடத்தின் பழைய ஏசியை மாற்றியிருந்தார்கள். "உங்க மௌனம் வேற, அவரு மௌனம் வேற சார்" என்றார். நல்லவேளையாக, கணவர் வாசித்த நாட்களின் வெறும் அறைச் சத்தமும் அவரிடம் பத்திரமாக இருந்தது. அதை நீட்டி, என் முதல் வாக்கியத்துக்குக் கீழே பரப்பி, மெல்ல மெல்லத் தேயவிட்டார்.

முதலாளி கேட்டார். மறுபடியும் கேட்டார். "எங்கயோ இடறுதுக்கா. எங்கன்னு தெரியல" என்றார். அக்கா வளைவை நீட்டிப் பார்த்தார், குறுக்கிப் பார்த்தார். நாள் கணக்கில் அந்த ஓர் இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் இடறியது, எனக்கும் இடம் தெரியவில்லை. வார முடிவில் முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டு, முதல் அத்தியாயத்திலிருந்து வாசிக்கத் தயாராக இருக்கும்படி சொன்னார். அக்காவிடம் அதைச் சொல்லும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

ஒரு மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்துக் கம்ப்யூட்டரில் இருந்ததை மடிக்கணினிக்கு மாற்றிக்கொண்டுவந்து, சமையலறை ஓரத்து மேசையில் வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சாய்வு நாற்காலியில் கணவர். வலக்கை மடியில் கிடந்தது. "அண்ணே, எப்படி இருக்கீங்க?" என்றேன். கண்கள் என் பக்கம் வந்தன, அப்படியே சுவருக்குப் போய்விட்டன.

"புரியும்னுதான் டாக்டர் சொல்றாரு. டிவி போட்டாலும் இப்படித்தான், நான் அழுதாலும் இப்படித்தான். புரியுதா இல்லையான்னு நான் எப்படி சார் தெரிஞ்சுக்கறது?" என்றார் அக்கா. பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன சொல்ல வந்திருக்கிறேன் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். எத்தனையோ நாளாக என் தயக்கங்களை வெட்டி எறிகிறவர் ஆயிற்றே. "ஒரே ஒரு தடவை கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று ஹெட்போனின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு ஒலிபெருக்கியில் போட்டார். கடைசி அத்தியாயத்துக்குச் சற்று முன்னாலிருந்து தொடங்கினார்.

அந்தக் குரல் அறையில் வந்து நின்றது. அதன் சொந்தக்காரர் பக்கத்தில் ஊமையாக உட்கார்ந்திருக்க, அதைக் கேட்பது எனக்குத் தாங்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய அத்தியாயம் முடிந்து கடைசி அத்தியாயம் தொடங்கியது. ஒட்டு வருவதற்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.

திடீரென்று அக்கா நிறுத்தினார். குறைத்துக் குறைத்து அல்ல, பட்டென்று. அவர் அப்படி எதையும் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"என்னக்கா?"

"சத்தம் கேக்கல உங்களுக்கு?"

எனக்கு எதுவும் கேட்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது கணவரின் இடக்கை நாற்காலியின் கைப்பிடியிலிருந்து சற்று எழும்பியிருந்தது. கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தன. பழக்கமில்லாத கை, பலமில்லாத கை. தோலோடு தோல் உரசியிருக்குமே தவிர அதிலிருந்து சொடக்கு என்று சொல்லத்தக்க எதுவும் வந்திருக்காது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அது கேட்டிருக்கிறது.

அவர் திரும்பவில்லை. ஒரு வாக்கியம் பின்னால் போனார். போட்டார். அதே சொல் வந்ததும் அதே உரசல். இந்த முறை நானும் பார்த்தேன். அக்கா முதன்முதலாகப் பழைய அத்தியாயத்திலிருந்து கொண்டுவந்து ஒட்டிய சொல் அது.

"தெரிஞ்சுடுச்சு சார் அவருக்கு" என்றார் அக்கா. குரல் உடைந்தது. "நான் வச்ச வார்த்தைன்னு தெரிஞ்சுடுச்சு." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த வரி அவரு வாசிச்சது இல்ல. இடறினது இதுதான். நான் போய் அங்க தேய்ச்சுட்டு இருந்திருக்கேன்" என்றார்.

பத்திரமாகக் காத்துவந்த கடைசி அத்தியாயத்தை ஏறக்குறைய முழுதாக எடுத்தார். கணவர் சொடக்குப் போட்ட இடத்துக்கு ஒரு வாக்கியம் முன்னால், அவர் சுத்தமாக வாசித்து ஒரு முழு மூச்சு விட்டிருந்தார். அந்த மூச்சு முடிகிற இடத்தில் அவருடைய மௌனத்தை விரித்தார். எடுத்த பகுதியை அங்கேயே, அந்த மடிக்கணினியின் மைக்கில் என்னை வாசிக்கச் சொன்னார். "இது பார்த்து ஒட்டத்தான், நாளைக்குக் கூடத்துல ஒழுங்கா வாசிச்சுக்கலாம்." நான் வாசிக்கும் முன் வலக்கையைத் தூக்கினார். மூன்று பேரும் பேசாமல் இருந்தோம். ஒருவருக்கு அதற்காக எந்த முயற்சியும் தேவைப்படவில்லை.

அந்த இடத்தில் செய்த ஒட்டுக்குத்தான் பிற்பாடு முதலாளி, "எங்க சேர்த்தீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சரி என்றார். நாவல் இரண்டு குரலில் வெளியாயிற்று.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த மாலைதான். ஒட்டி முடித்ததைப் போட்டார். கணவரின் குரல் வந்தது, மூச்சு விட்டது, அறை அமைதியாயிற்று, எப்போது நுழைந்தது என்று தெரியாமல் என் குரல் இருந்தது. சொடக்கு இல்லை. ஒட்டு தாண்டிவிட்டது, வேலை முடிந்துவிட்டது, அக்கா நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நாற்காலியை முழுக்கத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். என் குரல் பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டே இருந்தது. கைப்பிடியின் மேல் அந்த இரண்டு விரல்களும் இன்னும் சேர்ந்தே இருந்தன. அக்கா திரையைப் பார்க்காமல் அவற்றையே பார்த்துக்கொண்டு, பின்னால் நீட்டிய கையின் விரலை நிறுத்தும் பொத்தானின் மேல் வைத்தபடி அடுத்த சொடக்குக்காகக் காத்திருந்தார்.