பம்பாய் வெங்காயம்

இலங்கை மலையகத்தின் கினிகத்தேனையில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் யோகேஸ்வரனுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறப்பைப் பதியப் போனபோது, பதிவுக் கந்தோரில் இருந்த யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர் உமாசுதன் இனம் என்ற இடத்தில் ‘இந்தியத் தமிழர்’ என்று எழுதத் தொடங்கினார்.

“சார், எங்க தாத்தாவே இங்க றொசல்லயிலதான் பொறந்தாரு. இந்தியாவை நாங்க கண்ணால பார்த்ததில்லைங்க. புள்ளைக்காவது வேற மாதிரி எழுதுங்க.”

“உங்கட பிறப்புப் பத்திரத்தில உள்ளதைத்தான் பிள்ளைக்கும் எழுதவேணும், அண்ணை. நான் என்ன செய்யிறது?”

உமாசுதனின் குரலில் கடுமை இல்லை. அதனாலேயே யோகேஸ்வரனுக்குச் சண்டை பிடிக்கவும் முடியவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் கடைக்கு வந்த ஊர்மிளா டீச்சர் ஒரு கிலோ பம்பாய் வெங்காயம், அதாவது பெரிய வெங்காயம், கேட்டார். மூட்டையில் தம்புள்ளை என்று எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

“இங்க விளைஞ்சதுக்கு ஏன் பம்பாய் எண்டு பேர்?”

“அந்தக் காலத்துல பம்பாயிலேருந்து கப்பல்ல வந்துச்சாம், டீச்சர். அப்ப வச்ச பேரு.”

வழக்கமாக அவன் சொல்கிற பதில்தான். ஆனால் அன்று தராசைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

“இப்ப இங்கதான் நடுறாங்க, இங்கதான் புடுங்குறாங்க. பேரை மாத்தச் சொல்லி யார்கிட்டங்க போறது?”

அவன் கண் கலங்கியிருப்பதைக் கண்ட டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் வெங்காயத்தை நிறுத்துப் பையில் போட்டுக் கொடுத்தான்.