வேறு கேள்வித்தாள் கேட்டவர்

வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனுக்கு விளக்கேற்ற வரும் அக்கா தங்கச்சிகள் எல்லோருக்கும் வணக்கம். நான் மீனாட்சி, கிழக்குத் தாம்பரம். மைக் பிடித்துப் பேசிப் பழக்கமில்லை. ஆனால் அம்மன் எங்களுக்குச் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

என் கணவர் கணக்கு வாத்தியார். பம்மலில் ஒரு பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கை நடுக்கம் வந்து, அது பார்க்கின்சன் நோய் என்று தெரிந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. நடுக்கத்தோடு குடும்பம் நடத்தப் பழகிவிட்டோம். காபியை அரை டம்ளராக ஊற்றினால் சிந்தாது, அவ்வளவுதான். போன ஆடி மாதம்தான் தலையில் இடி விழுந்தது.

ஒரு நாள் மத்தியானம் சோபாவில் உட்கார வந்தவர் அப்படியே நின்றார். "மீனா, அந்தப் பூனையை விரட்டு" என்றார். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது. அடுத்த வாரம் சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர், "இன்னும் சாப்பாடு போடலையா?" என்று கேட்டார். நான் பாத்ரூமுக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கை வராமல் போனால் நான் ஊட்டிவிடுவேன். அந்தப் புத்தியே போய்விட்டால் நான் யாரோடு வாழ்வது?

குரோம்பேட்டையில் அவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் மறதியை மட்டும் சொன்னோம். பூனையைப் பற்றி மூச்சு விடவில்லை. பைத்தியம் என்று எழுதிவிட்டால் என்ன செய்வது என்று பயம். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "பார்க்கின்சன் இருக்கறவங்களுக்கு ஞாபகம், கவனம் இதெல்லாம் அப்பப்போ பார்த்துக்கணும்மா. டிமென்ஷியாங்கற மறதி நோய் வருதான்னு சீக்கிரமே தெரிஞ்சா நல்லதுதானே? சின்ன டெஸ்ட்தான். அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க."

டெஸ்ட்! அந்த வார்த்தையைக் கேட்டால் எங்கள் வீடு சும்மா இருக்குமா? இவர் வாத்தியார். இவருடைய அக்கா, என் நாத்தனார், சேலையூரில் இருக்கிற ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். சேதி கேட்டதும் பையோடு வந்து இறங்கிவிட்டார். "என் தம்பி ஃபெயிலாகறதா? நான் உசிரோட இருக்கும்போதா?"

போனில் தேடி அந்த மாதிரி டெஸ்டை எல்லாம் எடுத்தார். ஐந்து வார்த்தைகளை உருப்போட வைத்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வைத்தார். காலையில் கண் விழித்ததும் இன்று என்ன கிழமை, என்ன தேதி. நான் பக்கத்தில் நின்று பால் ஆற்றிக் கொடுத்தேன். பப்ளிக் பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார் செய்கிற வீடு மாதிரியே இருந்தது. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அக்கா பேச்சை அவர் எந்தக் காலத்தில் தட்டியிருக்கிறார்!

நான் அம்மனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தாயே, எப்படியாவது அவரைப் பாஸ் பண்ண வை. உனக்கு மாவிளக்குப் போடுகிறேன்." அழுது அழுது அதையே கேட்டேன்.

டெஸ்ட் அன்று குங்குமம் வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். நாத்தனாரும் கூடவே வந்தார். டாக்டரம்மா, "ஐயா, நான் அஞ்சு வார்த்தை சொல்றேன், திருப்பிச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தார். முதல் வார்த்தை வந்ததுமே நாத்தனார் என் கையைக் கிள்ளினார். நாங்கள் உருப்போட வைத்த அதே வார்த்தைகள்! அம்மன் கண்ணைத் திறந்துவிட்டாள் என்று பூரித்துப் போனேன்.

என் வீட்டுக்காரர் கையைத் தூக்கினார். நடுங்குகிற கைதான். "ஒரு நிமிஷம்மா. இந்தப் பேப்பர் அவுட் ஆயிடுச்சு" என்றார்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. இவரே விளக்கினார்: "இவங்க ரெண்டு பேரும் ஒரு வாரமா இதைத்தான் எனக்குச் சொல்லிக்குடுத்தாங்க. பசங்க இப்படி எழுதினா நான் விட்டதே இல்ல. எனக்கு வேற பேப்பர் குடுங்க. என் தலைக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியணும்."

"டேய், சும்மா இருடா" என்று நாத்தனார் பல்லைக் கடித்தார். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்கள் இருவரையும் வெளியே உட்காரச் சொன்னார். ஊரையே கிளாஸுக்கு வெளியே நிற்க வைத்த ஹெட்மிஸ்ட்ரஸ் அன்றைக்கு என்னோடு வெளியே நின்றார். எனக்கோ ஆத்திரம். கையில் வைத்ததைப் பிடுங்கிக்கொண்டாயே என்று அம்மனோடு மல்லுக்கு நின்றேன்.

உள்ளே கூப்பிட்டபோது மேசையில் அவர் வரைந்த கடிகாரம் இருந்தது. எண்கள் எல்லாம் ஒரே பக்கமாக ஒண்டிக் கிடந்தன. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "கவனத்துலயும் ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா யோசிச்சுச் செய்யறதுலயும் தடுமாற்றம் இருக்கு. ஆனா வார்த்தையெல்லாம் உள்ளதான் இருக்கு. வெளியே வர நேரமாகுது. இதை மட்டும் வெச்சு டிமென்ஷியான்னு சொல்லிட முடியாது. பூனை தெரியறதையும் ஐயாவே சொல்லிட்டார். நடுக்கத்துக்குச் சாப்பிடற ஒரு மாத்திரை மேல எனக்குச் சந்தேகம். வயசானவங்களுக்கு அது இப்படிக் குழப்பும். கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம். நீங்களா நிறுத்திடாதீங்க. இவர் மறைச்சு நல்ல மார்க் வாங்கியிருந்தா, அதே மாத்திரையோடதான் அனுப்பியிருப்பேன்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் கேட்ட வரத்தை அம்மன் கொடுத்திருந்தால் எங்கள் கதி என்ன? பெத்தவளுக்குத் தெரியாதா எதைக் கொடுக்க வேண்டும் என்று?

ஐப்பசி முடிவதற்குள் பூனை வருவது நின்றுவிட்டது. சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறது. ருசி சரியில்லை என்று சொல்லவும் ஞாபகம் இருக்கிறது! நோய் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். நடுக்கம் சற்றுக் கூடியிருக்கிறது. அந்த டெஸ்டும் மறுபடி மறுபடி உண்டு. இப்போது அவரே தேதி கேட்டுக் கிளம்புகிறார். மாவிளக்கையும் போட்டுவிட்டேன், இரட்டிப்பாகவே போட்டேன். தன் குறையைத் தானே கை தூக்கிச் சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? என் வீட்டுக்காரருக்கு வந்தது. கட்டினவள் நான், மார்தட்டித்தான் சொல்வேன்.

உங்கள் வீட்டில் இந்த நோயோடு யாராவது இருந்தால், மறதியோ வேறு எதுவோ, மூடி வைக்காதீர்கள். அம்மன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவள் கூடவே வருவாள்.

அவரும் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம், வருகிறார். நடுவில் வார்த்தை வராமல் நின்றால் யாரும் எடுத்துக்கொடுக்காதீர்கள். நானும் என் நாத்தனாரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறோம். கொஞ்சம் பொறுங்கள், அவரே சொல்வார்.